‘வாரேன்’ சொல்லாத வாசல்

நான் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போனது என் ஆயுளில் ஒரே தடவைதான். கப்பலேறிப் போகவில்லை, கரி பஸ் ஏறிப் போனேன். எங்கள் வள்ளியூரிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டினால் வெள்ளைக்காரன் ஆட்சி முடிந்து மகாராஜா ஆட்சி தொடங்கிவிடும். அங்கே காசு வேறு, தபால் வேறு, அரிசியின் நிறம்கூட வேறு. அது சண்டைக்காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு பீப்பாயைக் கட்டி அதில் கரியை எரித்துத்தான் ஓட்டினார்கள்.

போகக் காரணம் தம்பியின் கடுதாசி. தம்பி சிதம்பரம் முப்பது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் இருக்கிறான். ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டியில் குமாஸ்தா வேலை. “அக்கா, கோமதிக்கு முத்து போட்டிருக்கிறது. சர்க்கார் வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே அம்மை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முன்னே அம்மை வந்து போன ஒரே ஒரு ஆள் துணைக்கு இருக்கலாமாம். எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. நீ வந்தால்தான் உண்டு” என்று எழுதியிருந்தான்.

கோமதி அவன் மூத்த மகள். பத்தொன்பது வயது. எனக்கு ஏழு வயதில் அம்மை பார்த்தது. முகம் முழுக்கத் தழும்பு. அதனால் நாலு பேர் கூடுகிற இடத்தில் நான் தலைகாட்டுகிறதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அடுப்பங்கரையோடு சரி. இப்போது அந்த முகம்தான் வேண்டுமென்று கடுதாசி வந்திருந்தது.

முதல் நாள் பஸ்ஸிலேயே கழிந்தது. ஒரு மேட்டில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பீப்பாயின் காற்றாடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் இறங்க வேண்டாம் என்றார்கள். என் கனமும் குறையட்டுமே என்று நானும் இறங்கிப் பின்னாலேயே நடந்தேன்.

எல்லைச் சோதனைச் சௌக்கையில் எல்லாரையும் நிறுத்தி அம்மைப்பால் குத்தினார்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு அச்சு குத்து என்று பெயர். பெண்கள் ஆம்பிளையிடம் கையை நீட்டக் கூசி ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒளிந்தார்கள். என் முறை வந்தது. அந்த மனுஷர் நிமிர்ந்து பார்த்து, “அம்மாவுக்கு வேண்டாம். பகவதி முன்னமே முத்திரை குத்தியாச்சு. போகலாம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஊசிக்குத் தப்பினேன் அல்லவா.

மறுபடி பஸ் கிளம்பியதும் பேச்செல்லாம் அம்மையைப் பற்றித்தான்.

“நாரோயில்ல குறைஞ்சாச்சு வே. கோட்டாத்துல ஒண்ணு ரெண்டுதான். திருவனந்தபுரத்துலதான் ஏறிக்கிட்டு வருது.”

“ஏறாம என்ன செய்யும்? கடப்புறத்துல அச்சு குத்தப் போன ஆளை வலையைப் போட்டு மூடிட்டானுகளாம்லா.”

“யாரு பாத்தா?”

“என் மச்சினன் பாத்தான்.”

“உம்ம மச்சினன் எல்லாத்தையும் பாப்பான். நாலு பேரு கிட்ட சொல்லி அவனையும் மந்திரி ஆக்கிருங்கோ.”

முன் வரிசையில் ஒரு மலையாளத்துப் பெரியவர் திரும்பினார். “இதெல்லாம் பாண்டியிலிருந்து வருகிறது. எல்லையை அடைத்தால் தீர்ந்துபோகும்” என்று அவர் பாஷையில் சொன்னார். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் பாண்டிக்காரர்கள், அதாவது எங்கள் தமிழ்ச் சீமைக்காரர்கள். யாரோ ஒருவர், “நாங்களே கொண்டாந்ததுன்னு வையும். இப்ப மூட்டை கட்டித் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லுதீரா?” என்றார். பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொட்டலத்திலிருந்த நேந்திரங்காய் வறுவலை எல்லாருக்கும் கொடுத்தார். தேங்காயெண்ணெயில் வறுத்தது. எனக்கு அந்த வாசனை பழக இரண்டு நாள் பிடித்தது.

தம்பி வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. தம்பி மனைவி செண்பகம் என்னைக் கண்டதும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டாள். எனக்கு அதில் வருத்தமில்லை. அம்மை கண்ட வீட்டில் யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது. அங்கிருந்து புறப்படுகிறவர்களும் ‘வாரேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் அம்மை போட்ட ஆத்தாவும் கூடவே கிளம்பி வந்துவிடுவாள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

சிவப்பரிசிக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் வைத்தாள். தாளிப்பு இல்லை. கோமதி அந்த வீட்டில் இல்லாவிட்டாலும் அவளுக்காக அடுப்பில் கடுகு வெடிக்கவில்லை. குடிக்கச் சீரகம் போட்ட வெந்நீர். ஊருக்குள் நோய் நடமாடுகிறது, கொதிக்காத தண்ணீர் தொடக்கூடாது என்று தண்டோரா போட்டிருந்தார்களாம்.

இரண்டாம் நாள் காலையில் தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியில் ஒரு சாயாக் கடை. ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தத் தாலுகாவில் கூடியிருக்கிறது, எதில் குறைந்திருக்கிறது என்று வரிசையாக வந்தது. “குறைஞ்சதுன்னா ஆள் குணமாகிக் குறைஞ்சதா, செத்துக் குறைஞ்சதா? அதையும் எழுதச் சொல்லு” என்று சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார். வாசித்தவர், “அது அடுத்த பக்கத்தில் இருக்கும்” என்று புரட்டிப் பார்த்தார். அங்கே சோப்பு விளம்பரம்தான் இருந்தது.

ஆசுபத்திரி என்பது பெரிய மாந்தோப்பில் வரிசையாகப் போட்ட ஓலைக் கொட்டகைகள். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. ஒரே வாசல். அதில் மேஜை போட்டு ஒரு ரைட்டர் உட்கார்ந்திருந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், வேலைக்குப் புதிது. என் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். உள்ளே போனதும் சீலையை மாற்ற வேண்டும். சாயங்காலம் பினாயில் தண்ணீரில் குளித்து, வெளிச்சீலை உடுத்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும். ராத்தங்க இடமில்லை.

கோமதியை நான் அடையாளம் கண்டது அவள் குரலை வைத்துத்தான். முத்து போட்டு ஆறாம் நாள். இரண்டு இமையும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன.

“அத்தையா?” என்றாள்.

“நான்தாம்ட்டி.”

“என்னை யாரும் பாக்காம பாத்துக்கிடுங்க.”

நர்ஸம்மா ஒரு பீங்கான் கிண்ணத்தில் போரிக் தண்ணீரும் பஞ்சும் கொடுத்தாள். “மணிக்கொரு தரம் கண்ணைக் கழுவணும். சீழ் கட்டி உள்ளே நின்றால் பார்வை போய்விடும். நான் ஒருத்தி, இந்தக் கொட்டகை முழுக்க எனக்கு. உங்களைத்தான் நம்பியிருக்கேன்” என்றாள். அன்று முழுக்க வேறு ஒன்றும் செய்யவில்லை. பஞ்சை நனைப்பது, மூக்கோரத்திலிருந்து வெளியே துடைப்பது, பழைய பஞ்சை நெருப்பில் போடுவது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். விழிஞ்ஞத்து மீன்பிடிக் குடும்பத்துக்காரி. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவளுடைய தாய். பெர்பெத்து என்று பெயர், கிறிஸ்தவப் பெண். அவளுக்கும் முகத்தில் தழும்பு. என்னைப் பார்த்ததும், “நீயும் நம்ம சபையா, அக்கா?” என்றாள். மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கும் நசுக்கின காந்தாரி மிளகாயும் எனக்குப் பங்கு வைத்தாள். மீன் புழங்கின பாத்திரமாயிற்றே என்று தயங்கினேன். “அம்மை இறங்குகிற வரைக்கும் நாங்களும் மீன் தொடல்ல, தின்னு” என்றாள். தின்றேன். காரத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நல்ல ருசி.

சாயங்காலம் வாசலில் ரைட்டர், நாளைக்கு வருவாயா என்று ஒவ்வொருத்தியிடமும் அவர் பாஷையில் கேட்டார்: “நாளெ வருமோ?”

பெர்பெத்து, “வராம? மகளை உங்கிட்ட விட்டுட்டா போவேன்?” என்று சொல்லிக்கொண்டே போனாள். என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மை இருக்கிற வாசலில் நின்று அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? தம்பி வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவர் இன்னொரு தரம் கேட்டார். நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். பின்னால் பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் போனால் உள்ளே விடவில்லை. “பெயர் வெட்டியாச்சு” என்றார் ரைட்டர். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தம்பி மண்டிக்குப் போய்விட்டான். கயிற்றுக்கு வெளியே இன்னும் சில பெண்கள் நின்றார்கள். எல்லாரும் சாலைக்கடை, ஆரியசாலைப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பெண்கள். ஒருத்தி மூன்று நாளாக நிற்கிறாளாம். “நம்ம ஆளுகளைக் கண்டாலே சர்க்காருக்கு ஆகாது. அதான் வெட்டுதாங்க” என்று மூக்கைச் சிந்தினாள்.

மாமரத்தடியில் உட்கார்ந்து மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மணிக்கும், இப்போது கழுவ வேண்டும், இப்போது கழுவ வேண்டும் என்று கை பரபரத்தது.

சாயங்காலம் பெர்பெத்து வெளியே வந்து என்னைக் கண்டதும் சத்தம் போட்டாள். “எங்கே போனாய் அக்கா? உன் பிள்ளை ‘அத்தை, அத்தை’ன்னு கூப்பிட்டுக்கிட்டு கிடக்கு. ரெண்டு தடவை நான் கழுவினேன். ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள்தான், அதைத் தொடாதேன்னு அங்கே ஒரு பணியாளன் என்னை விரட்டிட்டான்.”

“விட மாட்டேங்காகளே. பேரை வெட்டிட்டாகளாம்.”

“பின்னே? அவன் வருமோன்னு கேட்டப்போ நீ ஊமை மாதிரி போனா? பதில் சொல்லாதவங்க பேருக்கு மேலே கோடு போடுறான். நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நின்று அழுகிற பெண்கள் எல்லாரும் என்னைப் போல வாயை மூடினவர்கள். அவர்கள் சர்க்காரைத் திட்டுகிறார்கள். ரைட்டரோ, இவர்கள் பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. நடுவில் கோமதியின் கண் இருக்கிறது.

தம்பியிடம் சொன்னேன். “சாரமில்ல அக்கா, பயப்படாதே. நாளைக்குச் சுகாதார ஆபீஸர் வந்து ஜனங்க குறையைக் கேக்காராம். நான் எடுத்துச் சொல்லுதேன்” என்றான்.

நான்காம் நாள் மாந்தோப்பு வாசலில் நல்ல கூட்டம். ஆபீஸர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார். ஒருவர் கிணற்றுக்கு மருந்துப் பொடி போடவில்லை என்றார். இன்னொருவர் போட்டார்கள், அதனால்தான் சாயா கெட்டுப்போச்சு என்றார். பாயையும் தலையணையையும் எரித்துவிட்டார்கள், எதில் படுப்பது என்று ஒரு கிழவர் கேட்டார். நோய்க்காரனை வீட்டிலேயே வைக்க விட்டால் யாரும் ஒளிக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, வீட்டில் வைத்தால் தெருவே போய்விடும் என்று நாலு பேர் எகிறினார்கள்.

அப்புறம் ஒரு வக்கீல் குமாஸ்தா முன்னால் வந்தார். கையில் மடித்த பத்திரிகை. “கொல்லத்திலும் ஆலப்புழையிலும் இறங்குகிறது. இங்கே மட்டும் ஏன் இறங்கவில்லை? இந்தப் பாண்டிக்காரர்கள் ஒளிக்கிறார்கள். கொண்டுவந்து சேர்த்தால் மறுநாள் எட்டிப் பார்ப்பதில்லை. ரைட்டரின் புத்தகத்தைப் பாருங்கள். வெட்டின பெயரெல்லாம் தமிழ்ப் பெயர்!” என்றார்.

தம்பி முன்னால் போனான். “ஸார், அது வந்து…” என்று மலையாளத்தில் ஆரம்பித்தான். “நீயும் ஆரியசாலைதானே!” என்று யாரோ கத்தினார்கள். முப்பது வருஷம் அந்த ஊரில் உப்புத் தின்றவன், நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

நான் என்ன தைரியத்தில் பேசினேன் என்று இப்போதும் தெரியவில்லை. உள்ளே பத்து மணி அடித்தது. அது மட்டும் காதில் விழுந்தது.

“ஐயா, நாங்க வரமாட்டோம்னு சொல்லலை” என்றேன்.

கூட்டம் திரும்பியது. அத்தனை கண்ணும் என் முகத்தில். ஆபீஸர், “கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கம்மா” என்றார். தமிழிலேயே சொன்னார்.

“அம்மை இருக்கிற இடத்துல இருந்து கிளம்பையில வாரேன்னு சொல்லப்படாதுய்யா. சொன்னா ஆத்தா காதுல விழும். சரி, நானும் கூட வாரேன்னு வீட்டுக்கு வந்துருவா. வீட்டுல பச்சப்புள்ளைக கிடக்கு. அதான் வாயை மூடிக்கிட்டுப் போறோம். விடிஞ்சதும் ஓடி வாரோம். வந்து பாத்தா பேரு இல்ல. என் தம்பி மகளுக்கு மணிக்கொருதரம் கண்ணு கழுவணும். ஒரு நாள் முழுக்கப் போச்சு.”

ஆபீஸர் சிரித்துவிட்டார். “நான் நாகர்கோயிலில் மூன்று வருஷம் இருந்தேன். அம்மை வீட்டுக்குப் பரிசோதனைக்குப் போனால் ஒரு வீட்டிலும் என்னை ‘வாங்க’ என்று சொன்னதில்லை. மரியாதை தெரியாத ஊர் என்று வீட்டுக்குக் கடிதம்கூட எழுதினேன்” என்றார். ரைட்டரிடம் திரும்பினார். “தினமும் கேட்கிறீரா?”

“கேட்கணும்னு உத்தரவு, ஸார்.”

“பதில் சொல்லாதவங்க பெயரை வெட்டணும்னும் உத்தரவா?”

“அது… நானாக.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “இனிமேல் வராமல் போனால் வெட்டு, அது போதும். இப்போது எல்லாரையும் உள்ளே விடு” என்றார் ஆபீஸர். வக்கீல் குமாஸ்தா பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “இதை முன்னமே சொல்லியிருக்கலாமே” என்று எங்களைப் பார்த்தே கோபித்துக்கொண்டார். நாலு நாளாக நின்றவள் கயிற்றைக் குனிந்து தாண்டி ஓடியே போய்விட்டாள்.

நான் உள்ளே போனபோது கோமதியின் இமையில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருந்தது. நனைத்து நனைத்து எடுக்க மத்தியானமாகிவிட்டது. நர்ஸம்மா குனிந்து பார்த்தாள். “கருமணியில் புண் விழுந்திருக்கான்னு தானாகத் திறந்தால்தான் தெரியும். இழுத்துத் திறக்காதீங்க” என்றாள். நான் மறுபடி பஞ்சை நனைத்தேன்.

அன்று சாயங்காலம் வாசலில் ரைட்டர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே மாமரத்தைப் பார்த்தார். “நாளெ மழை வருமோ அம்மா?” என்று கேட்டார்.

“வரும்” என்றேன். மழை வருமென்று சொன்னால் ஆத்தாவுக்கு என்ன. அவர் சந்தோஷமாக என் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார். அன்று முதல் எங்கள் பெண்கள் எல்லாரிடமும் மழையைப் பற்றித்தான் விசாரித்தார். ஒரு சொட்டுக்கூடப் பெய்யவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டாம் நாள்கள் ஒன்று போலவே போயின. பெர்பெத்துவின் மகள் எழுந்து உட்கார்ந்தாள். சாயாக் கடையில் பத்திரிகை வாசிப்பவர் எங்கள் தாலுகாவும் இறங்குகிறது என்று வாசித்தார். “யார் இறக்கினது? சர்க்காரா, பகவதியா?” என்று சண்டை தொடங்கியது. கோமதிக்கு மட்டும் கண் ஒட்டினபடியே இருந்தது. “அத்தை, ஒரேயடியா இருட்டா இருக்கு” என்று ஒரு தரம் சொன்னாள். மூடின கண்ணுக்கு இருட்டாகத்தான் இருக்கும் என்றேன். என்னோடு ஏழு வயதில் அம்மை பார்த்த பிள்ளைகளில் ஒருத்தி கண் போனவள்.

ஒன்பதாம் நாள் காலையில் கண்ணைக் கழுவி முடித்துக் கிண்ணத்தைக் கொட்ட எழுந்தேன். கொட்டகையின் கிழக்குத் தட்டியைத் திறந்தேன். வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது.

“அத்தை, அந்தத் தட்டியைச் சாத்துங்களேன். கண்ணு கூசுது.”

சாத்தினேன். வெளிச்சம் தெரிகிற கண்தானே கூசும்? பிறகு ஒரு முழம் திறந்தேன்.

“கூசுதுன்னு சொல்லுதேன்லா!”

“எந்தக் கண்ணுட்டி கூசுது?”

“ரெண்டுந்தான்.”

பெர்பெத்து என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். “போ அக்கா, போய்ச் சொல்லு” என்றாள். நர்ஸம்மா எதிரே வந்துகொண்டிருந்தாள். அவள் பார்த்துச் சொல்லும் வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டகைச் சீலையோடு வாசல்வரைக்கும் ஓடினேன். தம்பி கயிற்றுக்கு அந்தப் பக்கம் கஞ்சித் தூக்கோடு நின்றான். அவனைச் சுற்றி வழக்கமான கூட்டம்.

“சிதம்பரம்! கூசுதாம்ல! ரெண்டு கண்ணும் கூசுதாம்!”

அவன் தூக்கை மண்ணில் வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ரைட்டர் மேஜையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “கோமதிக்கோ?” என்று கேட்டார்.

“ஆமா, எங்க கோமதிக்குத்தான்” என்று அவருக்கும் சத்தமாகவே சொன்னேன்.